மெஷினில் பதியாத கால்

பேய், சாபம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மந்தைவெளியில் ஒரு மாடி அறையில் டிரம் மெஷின் வைத்துக்கொண்டு பக்திப் பாடல்களுக்குத் தாளம் போட்டுக் கொடுப்பது என் தொழில். எனக்குக் கை தாளத்துக்கு வரும், கால் மட்டும் வரவே வராது. கல்லூரி மேடையில் டிரம்ஸ் வாசித்தபோது அதை வைத்து என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். அந்த ரோஷத்தில்தான் மெஷினுக்கு வந்தேன், டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல் இருந்ததும் உண்மை.

சேவியர் அண்ணன் சாந்தோம்காரர். ஞாயிறு சர்ச் பூசையில் பாடகர் குழுவுக்கு டிரம்ஸ் வாசிப்பார், மற்ற நாட்களில் ரெக்கார்டிங். அவர் ஹை-ஹேட் மாதிரி யாருக்கும் வராது. ஹை-ஹேட் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு வெண்கலத் தட்டுகள். மேலே குச்சியால் அடிக்க வேண்டும், கீழே இடது காலால் பெடலை மிதித்தால் தட்டுகள் மூடிக்கொண்டு ‘ச்சிக்’ என்று கேட்கும். “மைக் டெஸ்ட் பண்ணணும்ணா” என்று பொய் சொல்லி அவரை வரவழைத்து, குச்சி அடி ஒவ்வொன்றையும் பதிந்து மெஷினில் ஏற்றிக்கொண்டேன். அவசரத்தில் பெடல் சத்தத்தைப் பதிய மறந்துவிட்டேன். அதன்பிறகு அவரை யாரும் ரெக்கார்டிங்குக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட அவசியம் வராமல் நான் பார்த்துக்கொண்டேன்.

ஆடி மாதம் ஏதோ ஒரு கோயில் ஸ்பீக்கரில் அவர் அடி அவர் காதிலேயே விழுந்திருக்கிறது. நேராக என் அறைக்கு வந்தார்.

“இன்னாடா, என் கைய வெட்டி டப்பாவுல போட்டுக்கினியா?”

“சத்தம்தானேண்ணா, உங்க பேரா எழுதியிருக்கு?” என்றேன். திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அவர் கத்தவில்லை. “கை மட்டும்தான் உன்கிட்ட கீது. கால் இன்னும் வரல. அதுவும் வரும், வெச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வாரம், பட்டப்பகல் பதினொரு மணி. ஒரு அம்மன் பாட்டு. ஹை-ஹேட் எல்லா அடியும் ஒரே மாதிரி விழுந்தால் மெஷின் என்று காட்டிக்கொடுத்துவிடும், அதனால் மாடுலேஷன் வைத்து ஒரு அடி கொஞ்சம் நீளம், ஒரு அடி கொஞ்சம் குட்டை என்று மாற வைப்போம். அந்தக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் ‘ச்சிக்’ என்று கேட்டது. நான் பதியாத சத்தம். மாடுலேஷனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன், கேட்டது. ஹை-ஹேட் சத்தத்தையே நிறுத்தினேன், அப்போதும் கேட்டது. கடுப்பில் ஒயரைப் பிடுங்கினேன், பாட்டு நின்றுவிட்டது, ‘ச்சிக்’ மட்டும் இன்னும் நாலு எண்ணிக்கை வரை கேட்டுவிட்டுத்தான் நின்றது. நம்பினால் நம்புங்கள்.

மூன்றாம் நாள் சேவியர் அண்ணன் வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து மாடியேறினார். எனக்கு அந்த ‘ச்சிக்’ கேட்ட அதே நாள், அதே பதினொரு மணிக்கு, ஒத்திகையில் பெடல் மேல் வைத்த கால் மரத்துப்போனதாம். டாக்டருக்கும் காரணம் பிடிபடவில்லையாம்.

“குடுத்துர்றா” என்றார். கெஞ்சவில்லை. கண்ணில் அவ்வளவு வெறுப்பு.

அவர் கண்ணெதிரிலேயே அவருடைய அடிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். மெஷினையும் அணைத்தேன். “போதுமாண்ணா?”

அவர் மெஷினைப் பார்க்கவில்லை, மேஜைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். என் இடது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது, இரண்டிலும் நான்கிலும், ஒரு இடத்தில்கூடப் பிசகாமல்.

“அது என்னுதுடா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். திரும்பி, மறுபடி இழுத்துக்கொண்டே இறங்கிப் போனார். இன்றுவரை அவர் பெடல் பக்கம் போகவில்லை என்று கேள்வி.

மற்ற நாட்களில் என் கால் சும்மாதான் இருக்கிறது. ஞாயிறு காலை பூசை நேரம் வந்தால் ஆரம்பித்துவிடும், நான் கேட்டேயிராத பாட்டுகளுக்கெல்லாம் தாளம் போடும். முட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாலும் நிற்காது. அப்போது நான் ஆளே உட்காராமல் தானாக ஆடும் நாற்காலியைப் பார்ப்பது போல என் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன ஞாயிறு அந்தக் காலுக்குக் கீழே ஒரு ஹை-ஹேட் பெடலை வைத்து, மைக்கைப் போட்டுவிட்டேன். நன்றாகத்தான் பதிந்திருக்கிறது.