ஆறாவது கண்ணாடித் துண்டு

ஆறாவது துண்டு எங்கே போனது? இன்றுவரை எனக்குத் தெரியாது.

கண்டியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் கருவி செய்கிறோம். முன்பு ஓர் அறையை அடைத்துக்கொண்ட கருவி அது. எங்களுடையது நகத்தளவுச் சில்லு. தலைமயிர் போன்ற கண்ணாடி இழை வழியாக அதற்குள் ஒளி வரும். இழையின் நுனியை வெட்டும்போது விழும் துண்டு கண்ணுக்கே சரியாகத் தெரியாது. தோலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். அதனால் ஒவ்வொரு துண்டையும் டேப்பில் ஒட்டி, எழும்புமுன் எண்ணுவோம்.

அன்று ஆறு வெட்டினேன். நடுவில் கணவரின் அழைப்பு.

"பாப்பாவுக்கு லேசா காய்ச்சல். பயப்படாத, மருந்து குடுத்துட்டேன்."

அவர் ஆசிரியர், பாடசாலை விடுமுறை என்பதால் மகளுடன் வீட்டில் இருந்தார். பயந்துகொண்டேதான் மிச்சத்தை வெட்டினேன். எண்ணப் போகும்போது யன்னலருகே இருந்து யாழ்ப்பாணத்து அக்கா கூப்பிட்டார். எங்கள் தொழில்நுட்ப அலுவலர் அவர்.

"கெதியா வாரும் பிள்ளை! சூரியன் உமக்காகக் காத்துக்கொண்டு நிக்குமே?"

சில்லைச் சூரிய ஒளியில் சோதிக்கக் காத்திருந்தோம்; மூன்று நாள் மழைக்குப் பிறகு வெளித்த வானம். எண்ணாமல் ஓடினேன். இழையின் மறுமுனையை அவர் சூரியனுக்குக் காட்டினார். திரையில் ஒரு மஞ்சள் பட்டை. அதன் நடுவே இரண்டு மெல்லிய கறுப்புக் கோடுகள். சோடியத்தின் அடையாளம். என் சமையலறை உப்பில் இருப்பது அங்கேயும் இருக்கிறது. பாடசாலையில் பாடமாக்கி எழுதியதுதான். ஆனாலும் நான் வெட்டிய இழை வழியாகச் சூரியனே வந்து அதைச் சொன்னபோது அந்தக் கோடுகளைத் திரையில் தொட்டே பார்த்துவிட்டேன்.

"ஓம், முதல் தரம் எல்லாருக்கும் இப்பிடித்தான்" என்றார் அக்கா.

திரும்பி வந்து எண்ணினேன். ஐந்து. இருவரும் டோர்ச் அடித்துத் தேடினோம். கிடைக்கவில்லை.

மேலங்கியை அங்கேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அந்தத் துண்டு சட்டைக் கைமடிப்பில் ஒட்டியிருந்தால்? கூந்தலில்? பஸ்ஸில், வீடு இருக்கும் பல்லேகல வரை அதே நினைப்பு; கணவருக்கும் ஃபோனில் எல்லாம் சொன்னேன். கதவு திறந்ததும் மகள் ஓடி வந்தாள்.

"கிட்ட வராத!" என்று கத்திவிட்டேன்.

அப்படியே நின்றாள். உதடு பிதுங்கியது.

"சூரியனையே புடிச்சவ, புள்ளையப் புடிக்கப் பயப்படுறியா?" என்று கணவர் சிரித்தார்.

தலைக்குக் குளித்து, உடுப்பைத் தனியாக ஊறவைத்து, நகங்களைப் பார்த்த பிறகே அவளைத் தூக்கினேன். கன்னம் இன்னும் சுட்டது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இப்போது நான் வந்தால் அவள் ஓடி வருவதில்லை. கைகளைப் பின்னால் கட்டிச் சுவரோரம் நின்று, "அம்மா குளிச்சிட்டீங்களா?" என்கிறாள். இரண்டரை வயது.

அந்த இரண்டு கோடுகளை நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. வேலையை விட மனமில்லை. விடத்தான் வேண்டுமோ என்றும் தோன்றுகிறது. உடுப்போடு எதையாவது வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோமோ என்று பயந்து திரும்பும் தாய்மார் இதை வாசித்தால் எனக்குச் சொல்லுங்கள்: ஓடி வரும் ஆசையே விட்டுப்போகாதபடி, பிள்ளையை வாசலில் எப்படி நிறுத்துகிறீர்கள்?