பாவு பிடிக்க வராத மூன்று பேர்

காஞ்சிபுரத்தில் சேலை வாங்கவும் கோயில் பார்க்கவும் வழிகாட்டும் குறிப்புகள் இணையத்தில் ஏராளம். நான் போனது நோயாளியைப் பார்க்க. 1973, ஆடி மாதம். அப்போது சென்னைக் கல்லூரி ஒன்றில் மருந்தியல் கற்பித்துவந்தேன். பெரிய காஞ்சிபுரத்து நெசவாளி வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த என் சித்தி மகள் வள்ளிக்குக் காமாலை என்று கடிதம் வந்தது. நான்கு மாதமாக அவள் காசநோய் மாத்திரை சாப்பிடுவது எனக்குத் தெரியும்.

காலை 6.10-க்குப் பேருந்து. எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், இரண்டு ரூபாய் எண்பது காசு. இருக்கை கிடைத்தும் எழுந்து எழுந்து நின்றேன். “குந்தும்மா, நீ நின்னாக்க வண்டி வேகமாப் போயிடுமா?” என்றார் நடத்துநர்.

வள்ளியின் கண்கள் மஞ்சளித்திருந்தன. அன்று காலையும் மாத்திரை போட்டிருந்தாள்.

“ஒரு நாளும் நிறுத்தக்கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிக்கிறாங்கக்கா,” என்றார் அவள் கணவர் ஏகாம்பரம். “இது தண்ணியால வந்த காமாலை. கீழாநெல்லி குடுத்துக்கினு இருக்கோம்.”

அந்த மாத்திரை சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும் என்று ஆய்விதழ்களில் அப்போதுதான் படித்திருந்தேன். புதிதாகப் படித்தது பார்க்கும் இடமெல்லாம் தெரியும். “இது விஷம்” என்று சொல்லி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன். நிறுத்தியது சரி, சொன்ன சொல் தவறு.

அன்றே வள்ளியை அழைத்துப்போனேன். மருத்துவமனை டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. “ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பினா ஒரு வாரம் ஆகும். அதுவும் ஈரல் கெட்டிருக்குன்னுதான் சொல்லும். கெடுத்தது யாருன்னு சொல்லாது. தெருவில வேற யாருக்காவது மஞ்சளா இருக்குதா?”

“இல்லீங்க,” என்றாள் வள்ளி.

காரணம் மாத்திரை என்றால் அதை அவள் மறுபடி தொடுவது ஆபத்து. மாற்று மருந்து அங்கே கிடைக்காது. தண்ணீரில் வந்த கிருமி என்றால் மஞ்சள் இறங்கியதும் அதே மாத்திரையைத் தொடரலாம். நுரையீரலோ காத்திருக்காது.

மறுநாள் காலை ஐந்தரைக்குத் தெருவில் பாவு நீட்டினார்கள். தறியில் ஏற்றுமுன் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் வருவது வழக்கம். அன்று பிடிக்க ஆளில்லாமல் மூன்று இடங்களில் பாவு தொய்ந்தது. பக்கத்து வீட்டு முனியம்மாளிடம் கேட்டேன்.

“ஊருக்குப் போயிருக்காங்கம்மா.”

“மூன்று வீட்டுக்காரருமா? ஒரே ஊருக்கா?”

சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “மஞ்சக் கண்ணுன்னு தெரிஞ்சா முதலாளி நூல் குடுக்க மாட்டாரும்மா. எவன் வெளிய சொல்லுவான்?”

மூன்று கதவுகளையும் தட்டினேன். மூவருக்கும் காமாலை, எல்லாம் பத்து நாளுக்குள். யாரும் மாத்திரை சாப்பிடவில்லை. அனைவரும் வள்ளி வீட்டார் தண்ணீர் பிடிக்கும் குழாயில்தான் பிடித்தார்கள். அதன் அடிப்பகுதி சாக்கடைக்குள் கிடந்தது. முதலில் காய்ச்சலும் வாந்தியும் வந்தனவாம். வள்ளிக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது. நான் கேட்கவே இல்லை.

“அப்போ தண்ணிதான்னு நினைக்கிறேன்,” என்றார் டாக்டர். “ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். மஞ்சள் இறங்கட்டும், நானே பக்கத்தில வெச்சுப் பார்த்து மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கிறேன்.”

ஐந்து வாரத்தில் மஞ்சள் இறங்கியது. மாத்திரையை நீட்டினால் வள்ளி வாயைத் திறக்க மறுத்தாள்.

“விஷம்னு நீதானேக்கா சொன்னே? படிச்சவ தப்பாச் சொல்லுவியா?”

“தப்பாகத்தான் சொன்னேன்.”

“அப்போ இதை மட்டும் எப்படி நம்புறது?”

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அதே பேருந்தில் போய், பேசித் தோற்று, மாலை வண்டியில் திரும்பினேன். ஏழாவது வாரம் மாத்திரை போட ஒப்புக்கொண்டாள். என் பேச்சால் அல்ல; இருமலில் ரத்தம் வந்துவிட்டது.

பரிசோதனைக்கூடம் இல்லாத ஊர்களுக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மருந்து சாப்பிடுகிறவருக்குக் காமாலை கண்டால், நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அன்றே டாக்டரிடம் போங்கள். எந்த மருந்து எந்த நாளில் தொடங்கியது, அக்கம்பக்கத்தில் வேறு யார் படுத்திருக்கிறார் என்று விசாரியுங்கள். முதல் பதிலை நம்பாதீர்கள். நிறுத்தச் சொன்னால், யாரிடம் கேட்டு மறுபடி தொடங்குவது என்பதையும் அந்த மூச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

வள்ளி பிழைத்தாள். இடது நுரையீரலில் பாதி அவளுக்குத் திரும்பி வரவில்லை.