அருணகிரியும் சோற்று நேரத்துக் கதைகளும்

ஆலங்காயத்திலிருந்து காலை பஸ்ஸில் ஜவ்வாது மலைக்கு ஏறி வருகிற அருணகிரி, எங்கள் ஊர் நூலகத்தின் பகுதிநேர நூலகர். வாசிப்பை வளர்க்கவே பிறந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அதற்காக ஒரு விதி வைத்திருந்தார்: திருப்பித் தரும் புத்தகத்தின் கதையை மேசை முன்னால் நின்று ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால்தான் அடுத்த புத்தகம். வாசகர்கள் ஏன் குறைகிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரியாத மர்மம்.

தடித்த நாவல் என்றால் அவருக்குப் பக்தி. சிறுகதைத் தொகுப்போ, பந்தி முடிந்து மிஞ்சியதையெல்லாம் ஒன்றாகக் கொட்டிய பாத்திரம். நூலகமே ஒற்றை பீரோதான். இருபது எழுத்தாளர்களைத் தனித்தனியாக வாங்கி அடுக்க அதில் இடமில்லை; ஒரு தொகுப்பில் இருபது பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் புரிகிற விஷயம். அருணகிரி நிறையப் படித்தவர், ஆகையால் புரியவில்லை.

வாசகர் இல்லாவிட்டால் நூலகத்தைக் மலைக்குக் கீழே உள்ள கிளை நூலகத்தோடு சேர்த்துவிடுவார்கள், பார்வையிட அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. அருணகிரியின் வேலையும் அதோடு போய்விடும். அந்த வாரம்தான் கொட்டை எடுக்கும் புளிக் கொட்டகையில் வேலை செய்யும் செவ்வந்தி அந்தத் தொகுப்பைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

“கதையச் சொல்லு.”

“தபால்காரன் கதைங்க சார். அது ஒண்ணுதான் படிச்சேன்.”

“மீதியெல்லாம்?”

“கொட்டகையில ராணியம்மாக்கா நாலு படிச்சாங்க. திரௌபதி, அந்த மாமியார் கதைய ரெண்டு வாட்டி படிச்சா. சோத்து நேரத்துல ஒரு கதை முடிஞ்சுடுது சார். உங்க குண்டு புக்குல அதுக்குள்ள கல்யாணப் பந்தல்கூட போட்டு முடிக்க மாட்டான்.”

“ஒரு கார்டுல ஊரே படிக்க இது இன்னா சத்திரமா?”

தொகுப்பை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

நூலகம் போய்விடும் என்று கேள்விப்பட்ட செவ்வந்தி, அதிகாரி வந்த அன்று கொட்டகைப் பெண்களை எல்லாம் கூட்டி வந்தாள். அதிகாரி அசந்துபோனார்.

“இவ்ளோ வாசகருங்களா! எந்தப் புக்குங்க அதிகமா போகுது?”

பீரோவுக்குள் இருந்த தொகுப்பைக் கைகாட்டியிருந்தால் போதும். அருணகிரிக்குக் கை எழவில்லை.

“நாவல்தான் சார். நல்ல கனமான நாவல்.”

“இன்னா சார், கூசாம சொல்றீங்க!” என்றாள் செவ்வந்தி. “நாங்க படிக்கிறத உள்ள வெச்சுப் பூட்டிட்டு!”

அதிகாரி சிரித்தார். வாசகர்கள் இருக்கிறார்கள் என்பதற்குப் பெண்களை நம்பினார். அவர்கள் எதை வாசிக்கிறார்கள் என்பதற்கு அருணகிரியை நம்பினார். நூலகம் தப்பியது.

அடுத்த மாதம் அதிகாரி அனுப்பிய பார்சல் வந்தது. ஐந்து பாகங்களில் ஒரே நாவல், மூன்றாம் பாகம் இல்லாமல். பீரோவில் இடம் பண்ண வேண்டியிருந்ததால் அருணகிரி தொகுப்பைக் கழித்துக் கட்டினார். செவ்வந்தி அதைக் கேட்டு வாங்கிப் போனாள்.

நூலகம் இப்போதும் மலையில்தான் இருக்கிறது. வாசகர்கள் புளிக் கொட்டகையில் இருக்கிறார்கள்.