விழுந்தால் விழட்டும்

பாறசாலைப் பக்கம் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து என் மனைவி தோல் தைப்பாள். நெய்யாற்றின்கரைக்கு ஆறு மாதம் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்ட தொழில். கைப்பை, பர்ஸ், எல்லாவற்றையும்விட அதிகமாகப் பைபிள் உறை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் சுற்றுவட்டாரத்துச் சபைகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் உறை கேட்டன. நான் வேலை பார்த்த செங்கல் சூளை அந்த ஐப்பசி மழையில் படுத்துவிட்டிருந்தது. அப்படித்தான், கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து, அவள் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சாயங்காலமானால் ஊர் கால்பந்து அணிக்கு நான்தான் கோல்கீப்பர். அந்த வட்டாரத்தில் என்னைப்போல் பாய்ந்து பிடிக்கிறவன் கிடையாது என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவள் மட்டும் ஒரு ஆட்டத்தைக்கூட வந்து பார்த்ததில்லை.

"பந்துக்குப் பொறத்த ஓட ஆளுண்டு, ரேஷன் கடைக்குப் போவ ஆளில்ல" என்பாள்.

கோல்கீப்பர் பந்துக்குப் பின்னால் ஓடுகிறவன் இல்லை என்று எத்தனையோ முறை விளக்கியாயிற்று. அவள் ஒரே ஒரு தடவை வந்து நான் பந்தைப் பிடிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை. வெட்கத்தில் வெளியே சொன்னதில்லை.

முதல் நாளே சட்டங்களை அடுக்கினாள். தோலுக்குப் பின்னால் விரலைக் கொடுக்கக் கூடாது. பழைய ஹவாய் செருப்பின் துண்டைக் கொடுக்க வேண்டும், துளை போடும் குத்தூசி அதில் போய் நின்றுகொள்ளும். மெழுகு நூலை இறுக்கும்போது சுண்டுவிரலில் சைக்கிள் டியூப் வளையம் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நூல் விரலை அறுத்துவிடும். குத்தும்போது வாயைத் திறக்கவே கூடாது. இதெல்லாம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. கடைசிச் சட்டத்தில்தான் சிரித்துவிட்டேன்.

"மடியில இருந்து எது விழுந்தாலும் விழட்டும். பிடிக்கப்பிடாது. ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு, கால அகத்திக்கிடுங்க. அம்புட்டுதான்."

ஒரு கோல்கீப்பரிடம் போய்ச் சொல்கிற விஷயமா இது.

மூன்றாம் நாள் குத்தூசி மடியிலிருந்து நழுவியது. தரையைத் தொடுவதற்குள் பிடித்துவிட்டேன். அருமையான பிடி. அதைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு அரை நொடி கிடைத்தது. அதற்குள் ஊசி உள்ளங்கையில் இறங்கிவிட்டது. அவள் திட்டவில்லை. பழந்துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு, டி.டி. ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அந்த வாரம் என்னால் கோலில் நிற்க முடியவில்லை. தனுவச்சபுரத்தில் படிக்கிற ஒரு கல்லூரிப் பையனை நிறுத்தினார்கள். அவன் ஒரு கோல்கூட விடவில்லை. என்னைவிட இளையவனான கேப்டன் வீட்டுக்கே வந்தான்.

"அண்ணே, நல்லா ஆறட்டும். பைய வந்தா போரும்" என்றான்.

அந்தக் கரிசனம் குத்தூசியைவிட ஆழமாக இறங்கியது. கையில் இன்னொரு ஓட்டை விழுந்தால் அணியில் என் இடம் போய்விடும் என்று புரிந்தது. விழுவதைப் பிடிக்காமலிருக்க என்னைப் பழக்கும்படி அவளிடமே கேட்டேன். அவள் அதை வேண்டுதலைப்போல் எடுத்துக்கொண்டாள். சாப்பிடும்போது கரண்டியை விழவிடுவாள், பேசிக்கொண்டே தீப்பெட்டியை நழுவவிடுவாள். என் கை போனால் மணிக்கட்டில் ஒரு தட்டு. இரண்டு வாரத்தில் எது விழுந்தாலும் கை தானாக மேலே போனது, கால் தானாக அகன்றது. வீட்டுக்கு வந்த சபை உபதேசியாரின் மூக்குக்கண்ணாடி விழுந்தபோதும் அதேதான். போலீஸ் பிடித்தவன்போல நான் உட்கார்ந்திருக்க, பாவம், அவரே குனிந்து எடுத்தார். ஒருநாள் தேங்காயெண்ணெய் பாட்டில் அலமாரியிலிருந்து சரிந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அது உடைவதை முழுவதுமாகப் பார்த்தேன்.

"கொள்ளாம்" என்றாள் அவள், கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டிக்கொண்டே. எட்டு வருடத்தில் என்னைப் பார்த்து அந்தப் பாராட்டுச் சொல்லை அவள் சொன்னதில்லை.

உறைகள் முடிந்தன. என் கையில் புதிதாக ஒரு கீறல் கிடையாது. கல்லூரிப் பையனுக்குப் பரீட்சை வந்துவிட்டதால், பொழியூர் அணியோடு நடக்கவிருந்த இறுதி ஆட்டத்தில் கோல் எனக்கே திரும்பக் கிடைத்தது.

"வேல தீந்துல்லா. நானும் வாறேன்" என்றாள். என் சட்டையை நானே இஸ்திரி போட்டேன்.

பொழியூர்க்காரர்கள் கடற்கரை மணலில் ஆடிப் பழகியவர்கள். கட்டாந்தரையில் விட்டால் பறப்பார்கள். ஆனாலும் நேராக வந்த பந்துகள் நாலைந்தைப் பிடித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு தடவை கடலை வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை பக்கத்துப் பெண்ணிடம் பைபிள் உறையின் அளவைக் கையால் காட்டிக்கொண்டிருந்தாள்.

முடியப்போகிற நேரத்தில் நடுவிலிருந்து ஒருவன் பந்தை உயரத் தூக்கி அடித்தான். அது தென்னைக்கு மேலே போய், எனக்கு முன்னால் செங்குத்தாக இறங்கியது. பக்கத்தில் ஒரு ஆளில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் போதும், குழந்தைகூடப் பிடிக்கும். ஓரத்தைப் பார்த்தேன். கடலையை மறந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்து விழுந்தது. என் இரண்டு கையும் மேலே போயின. கால்கள் அகன்றன. பந்து முன்னால் ஒரு தடவை குத்தி, கால்களுக்கு நடுவே புகுந்து, அவசரமே இல்லாமல் கோலுக்குள் போனது.

ஆட்டம் முழுக்க மைக்கில் ஓயாமல் பேசியவர் மலையாளத்தில், "எந்தா சேட்டா இது" என்று மட்டும் கேட்டார். கேப்டன் ஓடி வந்தான்.

"அண்ணே, கை எதுக்கு மேல போச்சு?"

வீட்டில் பழக்கியதாக்கும் என்று அவனிடம் சொல்ல முடியுமா? தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவள் ஒருநாள் வந்தாள், அந்த ஒருநாளும் இப்படியாயிற்று. அவள் என் கைகளை எடுத்து மடியில் வைத்து, விரல்விரலாகத் திருப்பிப் பார்த்தாள்.

"எட்டு வருஷமா நான் பறஞ்சதுல ஒண்ணையாவது நீங்க கேட்டது இன்னைக்காக்கும்" என்றாள். சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, கண் கலங்கியிருந்தது. "அதும் இத்தன பேரு பாக்க."

கோபப்படுவதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் பஸ் ஒரு குழியில் இறங்கியது. கடலைப் பொட்டலம் அவள் மடியிலிருந்து சரிந்தது. இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டோம்.