குவளை செத்த பிறகும் பேசினாள்

அன்னம்மாள் தென்னேரியில் பிறந்தவர். அவருடைய அப்பாவுக்கு ஏரி மதகைத் திறந்து மூடும் வேலை. 1967-ல் அன்னம்மாள் காஞ்சிபுரத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் டீச்சர். சின்ன காஞ்சிபுரத்தில் சீனிவாசன் நடத்திய மாதப் பத்திரிகையில் பல்லவர் காலத்துக் காதல் தொடர்கதை ஒன்றும் எழுதிக்கொண்டிருந்தார். குதிரைப்படை வீரன் ஒருவனுக்கும் ஏரிக்காவலன் மகள் குவளைக்கும் காதல். நெசவு வீடுகளில் ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றவர்கள் தறிக்கான பாவு நூல்களைப் பிணைத்தபடி கேட்டார்கள்.

எல்லாரும் கல்யாணத்துக்குக் காத்திருந்த சமயத்தில் அன்னம்மாள் ஏரிக்கரையை உடைத்துவிட்டார். குவளை வெள்ளத்தோடு போனாள். அடுத்த அத்தியாயத்தில், போரிலிருந்து திரும்பிய வீரன் மதகில் உட்கார்ந்திருக்க, அவள் வந்து பக்கத்தில் அமர்ந்து பேசினாள்.

அதைப் படித்த சீனிவாசன் டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். சரித்திரக் கதை திடீரென்று பேய்க் கதையாகிவிட்டதே என்றார். எல்லாம் வீரன் கண்ட கனவு என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று வழியும் சொன்னார்.

"கனவு இல்ல சார். அவ நெஜமாத்தான் வந்துக்கினு இருக்கா. எங்க பக்கம் தண்ணியில போன பொண்ண யாரும் பேய்ன்னு சொல்ல மாட்டாங்க. கரையில கல்லு நட்டு, பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க."

சீனிவாசன் இறங்கி வரவில்லை. அன்னம்மாள் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். செத்தவள் வந்து பேசுவதாக எழுதியிருக்கிறாயே, நம் சர்ச் பாதிரியார் கேட்டால் என்ன சொல்வாய் என்று வீட்டில் கணவர் தேவசகாயம் கவலைப்பட்டார். கேட்கட்டும், நான் பேசிக்கொள்கிறேன் என்றார் அன்னம்மாள்.

தொடர் இல்லாமல் அந்த மாதப் பத்திரிகை வந்தது. குவளை என்ன ஆனாள் என்று கேட்டு அச்சகத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கியதும், சீனிவாசனே டீச்சர் வீட்டுக்குப் போய்த் தாள்களை வாங்கி வந்தார். ஓர் எழுத்தையும் மாற்றாமல் அச்சிட்டார்.

சில நாள் கழித்து, தாமலிலிருந்து காய்கறி விற்க வரும் பூவம்மாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். அவளுடைய மகள் ஏரியில் மூழ்கி இறந்தவள். நெசவுக்காரர் வீட்டு நடையில் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு கதையைக் கேட்டிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு குளிருதுன்னு சொல்லிச்சா, டீச்சரம்மா?"

"இல்லம்மா. குளிரே இல்லன்னு சொன்னா."

பூவம்மாள் தலையாட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அப்படி ஒரு வரியை அன்னம்மாள் எழுதியிருக்கவில்லை. அடுத்த அத்தியாயத்தில் எழுதினார்.

தொடர் புத்தகமானபோது சீனிவாசன் அட்டையில் 'சரித்திரக் காதல் நாவல்' என்றே போட்டார். அன்னம்மாளுக்கும் அதுவே சரியாகப் பட்டது. அதற்குள் அவர் வேறொரு கதையில் பாதிவரை வந்திருந்தார்.