எல்லை நிலவரம், காலை ஆறு நாற்பது

எங்கள் காலை நிகழ்ச்சிக்குப் பத்து வயது ஆகிவிட்டதாம். அதன் வரலாற்றை ஒரு வீடியோவாக எடுத்திருக்கிறார் முதலாளி. ஓசூரில் எங்கள் கேபிள் இணைப்பு உள்ள வீடுகளுக்கு மட்டும் தெரியும் சிறிய சேனல் அது. தொகுப்பாளினி நான் ஒருத்திதான். தக்காளி மண்டி விலை, மின்தடைப் பட்டியல், பிறந்தநாள் வாழ்த்து என்று நாங்கள் தொடங்கிய கதையெல்லாம் வீடியோவில் இருக்கிறது. சமையல் பகுதிக்கு ஒரு மசாலா கம்பெனியின் விளம்பரம் கிடைத்த பெருமை மட்டும் மூன்று நிமிடம் ஓடுகிறது. அந்த ஒரு காலையைப் பற்றி மூச்சே இல்லை. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால் நானே எழுதுகிறேன்.

மசாலாவுக்காக யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எல்லை நிலவரத்துக்காகத்தான் பார்த்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு வேலை கர்நாடகப் பக்கத்துக் கம்பெனிகளில். அங்கே மறியல் என்றால் பஸ் போகுமா போகாதா என்பதுதான் காலையில் முதல் கேள்வி. ஜூஜூவாடி தாண்டி எல்லையோரம் டீக்கடை வைத்திருந்த ஒருவருக்கு ஆறு நாற்பதுக்கு நேரலையில் போன் போடுவோம். அவர் சொல்வதை நான் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் திருப்பிச் சொல்வேன். ஜனங்கள் இட்லியை விழுங்கியபடி கேட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள்.

அன்றைக்கு மறியல் நடக்கலாம் என்று முந்தின நாளே பேச்சு இருந்தது. டீக்கடைக்காரர், "எல்லா வண்டியும் ஓடுதுங்க மேடம், ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்றார். நானும் சிரித்த முகத்தோடு மூன்று மொழியிலும் சொன்னேன். பிறகு, முன்பே பதிவு செய்த சமையல் பகுதி ஓடத் தொடங்கியது.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவரே என் செல்போனுக்குக் கூப்பிட்டார். "மேடம், ரோட்டுல டயரப் போட்டுக் கொளுத்திட்டாங்க. ரெண்டு பஸ்ஸுக்குக் கல்லு விழுந்திருச்சு. யாரையும் வர வேணாம்னு சொல்லுங்க."

முதலாளியிடம் ஓடினேன். "போலீஸ்ல கேட்டுட்டுச் சொல்லலாம். வதந்தி பரப்புனோம்னு கேஸ் ஆயிடும். சமையல் முடியட்டும்மா" என்றார்.

அப்போது நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மைக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடி, என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தார். எங்கள் கீழ் வீட்டு அக்காவும் அதே பஸ்தான்.

பஸ்ஸைத் திருப்பச் சொல்லி அவர் டிரைவரிடம் சொன்னது எனக்குப் போனிலேயே கேட்டது. டிரைவர் சொன்னதும் கேட்டது.

"அட போங்க சார், உங்க வூட்டம்மாதான இப்ப டிவில எல்லா வண்டியும் ஓடுதுன்னு சொன்னாங்க! டிவிக்கு ஒண்ணு, வூட்டுக்கு ஒண்ணா?"

பஸ்ஸே சிரித்தது. என் காது சுட்டது.

"அக்காவையாவது எறக்குங்க" என்று கத்தினேன். அவர் போனை அக்காவிடமே கொடுத்தார்.

"லேட்டாப் போனா கம்பெனி லைன்ல வேலைக்கு விடமாட்டாங்க கண்ணு. நீ டிவில சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் மட்டும் இறங்கினார்.

உள்ளே ஓடி வந்தபோது சமையலில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. முதலாளியின் கையைத் தட்டிவிட்டு நேரலைக்கு மாற்றினேன். "நான் சொன்னது தப்பு, எல்லைக்குப் போகாதீர்கள்" என்று மூன்று மொழியிலும் சொன்னேன். தெலுங்கு வாயில் வரவே இல்லை, உளறினேன். டீக்கடைக்காரர் கூப்பிட்டதிலிருந்து அதற்குள் ஏழு நிமிடம் போய்விட்டது. வீட்டில் இருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஏது டிவி?

அதன்பிறகு என் வீட்டுக்காரர் அக்காவுக்கு மறுபடி மறுபடி போன் போட்டார். மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. எட்டரைக்குத்தான் தகவல் வந்தது. அந்த பஸ் மீதும் கல் விழுந்து, ஜன்னல் கண்ணாடி உடைந்து அக்காவின் புருவத்தில் ஆறு தையல். இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

சாயங்காலம் கீழே போனேன். அக்கா தலையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரிந்த பிறகும் மைக்கைத் தொடாமல் முதலில் வீட்டுக்குத்தான் போன் செய்தேன் என்று உள்ளதைச் சொல்லி அழுதேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையணைக்கு அடியிலிருந்து செல்போனை எடுத்தார். நான்கு வருடமாக ஒரே காம்பவுண்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரரிடம் இருந்த அவர் நம்பர் என்னிடம் இல்லை.

"எழுதிக்கோ கண்ணு. அடுத்த வாட்டி டிவில சொல்றதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு போன் போட்டுடு."