கணவன் பெயர் தெரியாத பெண்கள்

டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் சிறுகுறிப்பு எழுதுவது என் வேலை. ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது அந்தப் புத்தகம் கைக்கு வந்தது. மத்திய ஆப்பிரிக்க மக்கள் கூட்டம் ஒன்றைப் பற்றிக் காலனிக்கால அதிகாரி ஒருவர் பிரெஞ்சில் எழுதியது. கூடை பின்னுவதையும் மீன்பிடியையும் மனிதர் நன்றாகத்தான் எழுதியிருந்தார். கல்யாண அத்தியாயத்தில் அவருடைய புத்தி புல் மேயப் போய்விட்டது. 'இந்தப் பெண்களுக்குக் கணவனின் பெயர்கூடத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறார்கள். அவ்வளவு மந்தம்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் கனடாவில் வந்திறங்கிய அன்று, குடிவரவு அதிகாரி அம்மாவிடம் அப்பாவின் பெயரைக் கேட்டார். அம்மாவும் சிரித்தார். மொழிபெயர்த்துக்கொண்டு நின்ற என்னிடம் சொன்னார்:

"பக்கத்திலதானே நிக்கிறார். அவரிட்டையே கேக்கச் சொல்லு பிள்ளை."

புருசன் பெயரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று நம்பி வளர்ந்தவர். இவர்கள் உண்மையில் கணவன் மனைவிதானா என்று எங்களை மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள்.

பக்கத்து மேசையில் இருந்தவள் கொங்கோவிலிருந்து வந்தவள், அந்தப் புத்தகம் சொல்லும் மக்களில் ஒருத்தி, நிரந்தர ஊழியர். அவளிடம் காட்டினேன்.

"நானும் சொல்வதில்லை. அது மரியாதை," என்றாள். "இப்படி எத்தனை பக்கங்களை வாசித்துவிட்டு மூடி வைத்திருக்கிறேன்."

குறிப்பில் எழுதினேன்: 'ஆசிரியர் சொல்வது தவறு. தெரியாமல் அல்ல, மரியாதையால் சொல்வதில்லை.' மேலாளர் அழித்தார். மறுபடி எழுதினேன். கூப்பிட்டார்.

"புத்தகத்தைச் சுருக்குவதுதான் உங்கள் வேலை, திருத்துவதல்ல. ஒப்பந்தம் நீள வேண்டுமானால் எடுத்துவிடுங்கள்."

ஐம்பது வயதில் எனக்கு இன்னொரு வேலை யார் தருவார்? தெரிந்துதான் சொன்னேன்: "எடுக்க மாட்டேன்."

ஒப்பந்தம் நீளவில்லை. கடைசி நாள் பியர்பொன்ட்ஸில் இருக்கும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அழுதேன். எடுத்திருக்கலாமே என்று மட்டும் ஒருதரமும் தோன்றவில்லை.

அடுத்த கிழமை வீட்டிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் எழுதியதை அழித்திருந்தார்கள். அந்த இடத்தில் வேறொன்று இருந்தது, பக்கத்து மேசைக்காரியின் பெயரோடு:

'இந்தப் பெண்களில் நானும் ஒருத்தி. என் கணவனின் பெயர் எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.'